ஓடி ஓயாத ஒரு சொல்

மூன்றே எழுத்துக் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல்லை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். ஆர், யு, என். சேர்த்து வாசித்தால் 'றன்'. பாலர் வகுப்பிலே "ஓடு" என்று பொருளெழுதிப் படித்துவிட்டு, அதன்பின் நாம் திரும்பியும் பாராத சொல் இது. பார்க்க என்ன இருக்கிறது என்று மாணவர் கேட்கலாம். ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியைத் தொகுப்போரைக் கேட்டால் அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவ்வகராதியின் புதிய திருத்தத்துக்காக இச்சொல்லை ஏற்றுக்கொண்ட பீற்றர் கில்லிவர் என்னும் அறிஞர், இந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். அந்தத் திருத்தம் 2011ஆம் ஆண்டு முற்றுப்பெற்றபோது, வினைச்சொல்லாக வரும் 'றன்' என்பதற்கு மாத்திரம் 645 பொருள்கள் கணக்கிடப்பட்டிருந்தன. பெயர்ச்சொல்லாக வருவது வேறு. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலே 'செற்' என்ற சொல்லே 430 பொருளுடன் முடிசூடியிருந்தது. அந்த முடியை 'றன்' தட்டிப் பறித்துக்கொண்டது.

இந்தத் தொகையைக் கேட்டதும் மாணவர் சிலர் அஞ்சுவர்; வேறு சிலர் மனனம் செய்யத் தொடங்கிவிடுவர். அச்சத்தைக் காட்டிலும் பொல்லாதது மனனமே. பரீட்சைக் காலம் வந்தால் மரபுத்தொடர்க் கையேடுகள் புற்றீசல் போலக் கடைகளிற் கிளம்புகின்றன. இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று அவை வரிசை கட்டி நிற்கும். அவற்றைக் கிளிப்பிள்ளை போல ஒப்புவிக்கும் பிள்ளை, வாக்கியத்தில் அத்தொடரைக் கண்டால் இடறி விழுவதையே பலகாலும் காண்கிறோம். அறுநூற்று நாற்பத்தைந்தும் தனித்தனி மரங்கள் அல்ல. பெரும்பாலானவை ஒரே அடிமரத்தின் கிளைகள். அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பொருள் 'ஓடுகிறது' என்பதையும், சொல்லின் பின்னால் எந்த வால் ஒட்டியிருக்கிறது என்பதையும் கவனித்தால் முக்காற் பங்கு தானே விளங்கிவிடும்.

அடிமரம் எது? பண்டைய ஆங்கிலத்தில் இச்சொல் 'றின்னன்' என்ற வடிவிலே வழங்கியது. வடதிசையிலிருந்து வந்து குடியேறிய மக்களின் மொழியிலிருந்த இனச்சொல்லும் வந்து அதனோடு கலந்தது. இதற்கு உறவான சொற்கள் ஜேர்மன் மொழியில் இன்றும் இரண்டாக நிற்கின்றன. ஒன்று நீர் ஒழுகுவதைக் குறிக்கும். மற்றது கால்கொண்டு ஓடுவதைக் குறிக்கும். ஆங்கிலத்திலோ இரண்டும் ஒரு சொல்லுக்குள் அடங்கின. மனிதன் ஓடுவதும் ஆறு ஓடுவதும் தொன்றுதொட்டு அங்கே ஒன்றே. தடையின்றித் தொடர்ந்து செல்லுதல் என்பதே அந்த அடிமரம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புரிந்துகொள்ளுதல் கடினமன்று. 'ஓடு' என்ற நமது சொல்லும் ஏறக்குறைய இதே வழியிலே கிளைத்திருக்கிறது. ஆறு ஓடுகிறது, காலம் ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது, படமாளிகையிலே படம் ஐம்பது நாள் ஓடுகிறது. தடிமன் பிடித்த குழந்தைக்கு மூக்கு ஓடுகிறது. ஆங்கிலக் குழந்தைக்கும் மூக்கு ஓடத்தான் செய்கிறது. பெற்றோரின் சம்மதமின்றிக் காதலனோடு ஒரு பெண் போய்விட்டால் "ஓடிப்போனாள்" என்கிறோம். அவர்களும் அவ்வாறே சொல்கிறார்கள். சொல்வதற்குச் சற்றுக் கூச்சமான ஒரு நோய்க்கு ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் 'த றன்ஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் நாட்டுத் தமிழர் அதனை வயிற்றோட்டம் என்பர். இருசாராரும் கலந்து பேசி வைத்த பெயர் அன்று. எனினும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே இன்னுமொரு நயம் உண்டு. தமிழ்நாட்டார் "கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்பார்கள், நாம் "கார் ஓடத் தெரியுமோ?" என்கிறோம். "அவன் நல்லாய்ச் சைக்கிள் ஓடுவான்" என்பதும் நம்மவர் பேச்சு. ஓடுவது சைக்கிளா, அவனா என்று இலக்கண ஆசிரியர் புருவத்தை நெரிக்கலாம். ஆயினும் தன்வினைச் சொல்லொன்றை வடிவம் மாற்றாமலே பிறவினையாக ஆளும் இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கு மிகவும் உகந்தது. இயந்திரம் 'றன்' செய்யும். இயந்திரத்தை மனிதனும் 'றன்' செய்வான். எனவே இப்பகுதி நமக்கு இலகுவாகவே கைவரும்.

ஆனால் அங்கேயே ஒரு பொறியும் வைக்கப்பட்டிருக்கிறது. 'ஹி கனொட் அவோட் டு றன் எ கார்' என்ற வாக்கியத்தைக் கண்டால், நம் மாணவன் "அவனுக்குக் கார் ஓட முடியாது" என்று மொழிபெயர்த்துவிடுவான். அதன் பொருள் அதுவன்று. அவனுக்குக் கார் ஓடத் தெரிந்திருக்கலாம். காரும் வீட்டு வளவிலே நிற்கலாம். எரிபொருளும் வரியும் திருத்தச் செலவும் கொடுத்து அதனை வைத்துக்கொள்ள அவனிடம் வசதியில்லை என்பதே கருத்து. ஒரு வீட்டையோ வாகனத்தையோ தொழிலையோ இடையறாமல் இயங்கவைத்தல் என்ற பொருளில் ஆங்கிலேயர் இச்சொல்லை ஆள்வர்.

இவ்விடத்திலே இரு மொழிகளும் கைகோத்து வந்து சட்டென்று பிரிகின்றன. அந்தப் பிரிவு சுவையானது. ஆங்கிலேயன் கடையை, பாடசாலையை, அரசாங்கத்தை எல்லாம் ஓடச் செய்கிறான். தமிழன் இவற்றை நடக்கச் செய்கிறான். கடை நடத்துகிறோம், பாடசாலை நடத்துகிறோம், கூட்டமும் ஆட்சியும் நடத்துகிறோம். 'நட' என்பதிலிருந்து பிறந்ததே 'நடத்து'. கலியாணம்கூட நமக்கு நடக்கவே செய்கிறது. இந்த ஆண்டை நடப்பாண்டு என்கிறோம். ஆங்கிலத்தில் அதே கருத்துக்கு வழங்கும் 'கறன்ற்' என்ற சொல் 'ஓடுதல்' என்னும் பொருளுடைய 'குறேரே' என்ற இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. அவர்களுடைய ஆண்டு ஓடுகிறது. நம்முடைய ஆண்டு நடக்கிறது. இதை வைத்து எந்த இனம் சுறுசுறுப்பானது என்று யாரும் தீர்ப்புச் சொல்லப் புறப்படாதிருப்பார்களாக.

அந்த இலத்தீன் அடிச்சொல்லின் குடும்பமும் மிகப் பெரிது. கம்பியில் வரும் மின்சாரத்தை நம் வீடுகளில் 'கறன்ற்' என்றே சொல்கிறோம்; விஞ்ஞானப் பாடநூல் அதனை மின்னோட்டம் என்கிறது. இரண்டிலும் ஓட்டமே இருக்கிறது. பாடவிதானத்தைக் குறிக்கும் 'கரிக்குலம்' என்ற சொல்லும் அவ்வடியிலிருந்து வந்ததே. இலத்தீனில் அது ஓட்டத்தையும், தேர்கள் ஓடும் பந்தயத்தையும் குறித்தது. ஆண்டிறுதியில் பாடவிதானத்தை முடிக்க ஆசிரியரும் மாணவரும் படும் பாட்டைப் பார்த்தால், சொல் தன் பழைய பொருளை முற்றாக இழந்துவிடவில்லை என்றே தோன்றுகிறது. நாட்டுப் பணத்தைக் குறிக்கும் 'கரன்சி' என்பதும் ஓடும் பொருளே. நமக்குப் பணம் ஓடுவதில்லை, 'செல்கிறது'. அதனாலன்றோ பயனற்ற நாணயத்தைச் செல்லாக் காசு என்கிறோம்.

காசைப் பற்றிய பேச்சு வந்தபடியால், வங்கி தொடர்பான ஒரு தொடரையும் இங்கேயே பார்த்துவிடலாம். 'எ றன் ஒன் த பாங்க்' என்றால் வங்கிவரை ஓட்டப்பந்தயம் வைத்தல் அன்று. வங்கி முறிந்துவிடும் என்ற அச்சத்தினால், பணம் வைப்பிலிட்டவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அதனை மீளப்பெற முண்டியடித்தல் என்பதாம். 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இங்கிலாந்திலே 'நோதேர்ண் றொக்' வங்கியின் கிளைகளின் வாயிலில் மக்கள் நீண்ட வரிசைகளிற் காத்து நின்ற செய்தியைப் பலர் வாசித்திருப்பர். கேட்டவர் அனைவருக்கும் ஒரே நாளிற் கொடுக்கக்கூடிய காசை எந்த வங்கியும் பெட்டிக்குள் வைத்திருப்பதில்லை. அப்பணம் கடனாக வெளியே போயிருக்கும். ஆகையால் மக்களின் அச்சமே, தாம் அஞ்சியதை உண்மையாக்கிவிடவும் கூடும்.

நமது நாட்டுக்கும் வங்கி முறிவு புதிதன்று. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒறியன்றல் பாங்க் கோப்பறேசன் முறிந்தபோது, அது வெளியிட்ட தாள்களே இலங்கையிற் பெருவழக்காய் இருந்தன. கையிலிருந்த காசு கடதாசியாகிவிடுமோ என்று நாடு கலங்கிய வேளையில், தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று உறுதியளித்தார். அவ்வாண்டிலே இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அதன்பின் நாணயத் தாள்களை அரசாங்கமே வெளியிட்டு வரலாயிற்று. ஒக்ஸ்போட் அகராதியின் முதற் பகுதி அச்சாகி வெளிவந்ததும் அதே 1884இல் என்பது தற்செயல்.

இனி, வாலுக்கு வருவோம். 'அவுட்', 'டவுன்', 'இன்ரு', 'ஓவர்' முதலிய சிறு சொற்களையே வால் என்கிறோம். குதிரை பெரிது, வால் சிறிது. எனினும் இக்குதிரை போகுந் திசையை வாலே தீர்மானிக்கிறது. இதனை அசட்டை செய்வதால் விளையும் துன்பத்துக்கு ஓர் உதாரணம் போதும்.

வடபகுதிக் கிராமமொன்றில் ஒரு மூதாட்டியார் பேரனோடு வாழ்கிறார். மகள் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறாள். ஒருநாட் காலை மருமகனிடமிருந்து கைப்பேசியில் ஆங்கிலத்திலே ஒரு செய்தி வந்தது. மகளைக் குறிப்பிட்டு, 'ஷி இஸ் றன் டவுன், டொக்டர் வோன்ட்ஸ் ஹேர் டு றெஸ்ற்' என்று அதில் இருந்தது. பேரன் உயர்தர வகுப்பு மாணவன். கையேட்டில் 'றன் டவுன்' என்பதற்கு எதிரே "வாகனத்தால் மோதி வீழ்த்துதல்" என்று மனனம் செய்திருந்தான். வாசித்ததும் அவன் முகம் வெளிறிற்று.

"என்ன தம்பி, என்ன எழுதிக் கிடக்கு?"

"அம்மம்மா, சித்தியைக் கார் அடிச்சுப்போட்டுதாம்."

"ஐயோ, என்ரை பிள்ளை! வடிவாய்ப் பார்த்துச் சொல்லு ராசா, உயிரோடை இருக்கிறாளோ?"

"இருக்கிறா அம்மம்மா. டொக்குத்தர் படுத்திருக்கச் சொன்னவராம்."

அங்கே அப்போது நள்ளிரவு. அழைத்தால் எடுப்பார் இல்லை. மூதாட்டியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலை வைக்கப்படவில்லை. அயலவர்கள் வந்து கூடிவிட்டார்கள். உடனே பயணத்துக்கு ஆயத்தம் செய்யவேண்டும் என்று ஒருவர். வைரவருக்கு நேர்ந்துகொள்ள வேண்டும் என்று இன்னொருவர். மாலையிலே மகளே பேசினாள். இரு வேலைகள் பார்த்து உடம்பு மிகவும் களைத்துவிட்டது, வைத்தியர் இரண்டு கிழமை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், வேறொன்றுமில்லை என்றாள். மூதாட்டியார் அன்று பகல் முழுவதும் அழுத அழுகைக்கு யார் கணக்குச் சொல்வது?

பையனின் கையேடு பொய் சொல்லவில்லை. 'றன் டவுன்' என்பதற்கு அப்பொருளும் உண்டு. ஆனால் காரொன்று வாக்கியத்தில் எங்கேயும் இல்லையே! 'வோஸ் றன் டவுன் பை எ கார்' என்றிருந்தாலன்றோ விபத்து. இங்கே 'இஸ்' என நிகழ்காலம் நிற்கிறது. மோதியவரைச் சுட்டும் 'பை' இல்லை. ஒருவருடைய இப்போதைய நிலைமையே சொல்லப்படுகிறது. முறுக்கிவிட்ட மணிக்கூட்டை எண்ணிக்கொண்டால் இத்தொடர் மறவாது. முறுக்கு மெல்ல மெல்லத் தளர்ந்து, மணிக்கூடு ஓடி ஓடிக் கடைசியில் நின்றுவிடுகிறது. அதுவே 'றன் டவுன்'. ஓய்வின்றி உழைத்த உடம்பும் அப்படித்தான். பற்றரி "இறங்கிவிட்டது" என்று நாமும் கீழ்நோக்கியே சொல்கிறோம். ஒருவரைப் பற்றிப் புறங்கூறி மதிப்பைக் குறைப்பதும் 'றன் டவுன்' தான். அங்கே இறங்குவது அவருடைய பெயர்.

'இன்ரு' என்ற வாலும் இத்தகையதே. நண்பரை 'றன் இன்ரு' செய்தால் எதிர்பாராமற் சந்தித்தல். மதிலை 'றன் இன்ரு' செய்தால் மோதுதல். கடனுக்குள் 'றன் இன்ரு' செய்தால் கடனாளியாதல். செலவு இலட்சங்களுக்குள் 'றன் இன்ரு' செய்தால் அவ்வளவு தொகையாதல். பின்னால் வரும் பெயர்ச்சொல் எதுவென்று பாராமற் பொருள் சொல்ல இயலாது. 'ஓவர்' என்பதும் அவ்வாறே. லொறி நாயின்மேல் ஏறினாலும் 'றன் ஓவர்'. கூட்டம் நேரங்கடந்து நீண்டாலும் 'றன் ஓவர்'. சோதனைக்கு முன் குறிப்புக்களை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தாலும் 'றன் ஓவர்'.

'அவுட்' என்பதைக் கிரிக்கெட் மைதானத்திலேயே படிக்கலாம். இவ்விளையாட்டில் 'றன்' என்பதை நாம் ஓட்டம் என்றே தமிழாக்கியிருக்கிறோம். 1997 ஓகஸ்டில் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை அணி ஆறு விக்கெட் இழப்புக்கு 952 ஓட்டங்கள் குவித்தது. சனத் ஜயசூரிய மட்டும் 340. 2006 யூலையில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் மூன்றாம் விக்கெட்டுக்காக 624 ஓட்டங்கள் சேர்த்தனர். பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டுத் துடுப்பாட்டக்காரர் ஓரடியும் எடுத்துவைக்காமல் நின்றாலும் அது ஆறு 'ஓட்டம்' தான். சொல்லின் பொருள் காலைவிட்டு நீங்கி, கணக்குப் புத்தகத்திற் போய்க் குந்திவிட்டது. இனி மூன்று வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஹி வோஸ் றன் அவுட்' என்றால், அவர் ஓடி முடிக்குமுன் விக்கெட் வீழ்த்தப்பட்டு ஆட்டமிழந்தார். 'ஹி றான் அவுட்' என்றால், அவர் வெளியே ஓடினார். 'ஹி றான் அவுட் ஒவ் மணி' என்றால், அவர் கைக்காசு தீர்ந்துபோயிற்று. மூன்றாவதை நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் இரவுபகலாக வரிசையிலே நின்று, நம் முறை வந்தபோது "முடிந்துவிட்டது" என்று கேட்ட அனைவரும் அதன் பொருளை அனுபவித்தே படித்தவர்கள்.

மரபுத்தொடர்களுட் சிலவற்றின் பிறப்பு வரலாறு இனிமையானது. 'றன் த கோன்ற்லெற்' என்பது பல திசையிலிருந்தும் வரும் கண்டனத்தை ஒருவர் தாங்கிச் செல்வதைக் குறிக்கும். 'கோன்ற்லெற்' என்றால் இரும்புக் கையுறை. கையுறைக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரின்போது, குற்றஞ்செய்த போர்வீரனை இரு வரிசையாக நிற்கும் வீரர்களுக்கு நடுவே ஓடவிட்டு இருபுறமும் அடிக்கும் தண்டனை வழங்கிற்று. ஒழுங்கையோட்டம் என்று பொருள்படும் 'காற்லொப்' என்ற சுவீடிஷ் சொல் ஆங்கிலேயர் நாவிற் சிதைந்து, தமக்குத் தெரிந்த கையுறைச் சொல்லாக மாறிவிட்டது. ஊர்ப் பெயர்களை ஆங்கிலேயர் என்ன பாடுபடுத்தினர் என்று அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

'றன் அமொக்' என்பதிலுள்ள இரண்டாஞ் சொல் மலாய் மொழியிலிருந்து வந்தது. வெறிபிடித்தவன்போல் ஆயுதமேந்திக் கண்டாரையெல்லாம் தாக்குவதை மலாய் மக்கள் 'அமுக்' என்றனர். கீழைத்தேசங்களுக்கு வந்த ஐரோப்பியர் அதனைத் தம் மொழிகளுக்குக் கொண்டுபோயினர். 'றன் றயட்' என்பதோ வேட்டை நாய்களிடமிருந்து வந்தது. பிடிக்கவேண்டிய விலங்கின் மணத்தை விட்டு வேறொன்றின் மணத்தைப் பிடித்துக்கொண்டு நாய் தறிகெட்டு ஓடுவதே அது. பின்னர் கட்டுக்கடங்காத கூட்டத்துக்கும், வேலியெங்கும் படர்ந்த கொடிக்கும், ஏன், நம் கற்பனைக்கும் ஆயிற்று.

வேட்டையிலிருந்து இன்னொன்று. முயலோடு ஓடிக்கொண்டே நாயோடு சேர்ந்து வேட்டையும் ஆடுதல் என்று ஆங்கிலேயர் பதினைந்தாம் நூற்றாண்டு முதலாகச் சொல்லி வருகின்றனர். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதும் மாணவர் உளர். வேண்டாம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுதல் என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்ததைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும்? அவர்கள் வேட்டைக் காட்டிலே கண்டதை நாம் வீட்டுத் திண்ணையிலே கண்டோம். 'ஸ்ரில் வோட்டர்ஸ் றன் டீப்' என்பதற்கு நிறைகுடம் தளம்பாது என்று எழுதுவது வழக்கம். அதனை நாம் அரைமனத்தோடுதான் ஏற்போம். நிறைகுடம் புகழ்ச்சி மட்டுமே. ஆங்கிலத் தொடரிலோ, அமைதியான ஆளின் ஆழத்தில் என்ன கிடக்கிறதோ என்ற ஐயமும் கலந்திருக்கிறது.

ஒரே ஆங்கிலம் பேசுவோரும் இச்சொல்லில் ஒன்றுபடவில்லை. தேர்தல் வந்தால் அமெரிக்கர் 'ஓடுகிறார்', இங்கிலாந்தவர் 'நிற்கிறார்'. ஜனாதிபதி வேட்பாளரோடு உப ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடுபவரை அமெரிக்கர் 'றன்னிங் மேற்' என்பர். அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த பெயர். நாம் "தேர்தலில் நிற்கிறார்" என்று இங்கிலாந்தவரோடு சேர்ந்து நின்றுவிட்டோம். பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுவதும், கணினியில் ஒரு செயல்நிரலை இயக்குவதும், கோழிகளை அடைத்து மேயவிடும் வேலியிட்ட இடமும், சாயம் கரைந்து பரவுவதும், காய்ச்சல் காய்வதும் 'றன்' என்பதன் ஆட்சிக்குள்ளேயே வரும். இவற்றை விரிக்கிற் பெருகும்.

இலக்கணத்தில் ஒரு பிழை மட்டும் அடிக்கடி கண்ணிற் படுகிறது. நிகழ்காலம் 'றன்', இறந்தகாலம் 'றான்', 'ஹாஸ்', 'ஹாவ்', 'ஹாட்' என்ற துணைவினைகளுக்குப் பின்னே வருவது மீண்டும் 'றன்'. 'ஹி ஹாஸ் றான்' என்று எழுதுவது பிழை. செயப்பாட்டு வினையிலும் 'வோஸ் றன்' என்பதே சரி.

மாணவர்கள் இவ்வாரம் செய்து பார்ப்பதற்குச் சில வாக்கியங்கள் தருகிறோம். 'ஐ றான் இன்ரு மை ஓல்ட் ரீச்சர் இன் கண்டி' என்பதைத் தமிழிலே எழுதுங்கள். ஆசிரியருக்குக் காயம் ஏற்படாமற் பார்த்துக்கொள்ளுங்கள். 'த வெல் ஹாஸ் றன் டிறை' என்பதை 'ஓடு' என்ற சொல் வராமல் எழுதுங்கள். 'மியூசிக் றன்ஸ் இன் த ஃபமிலி' என்பதற்கு நம் வழக்கில் ஓடுதலுக்குப் பதிலாக 'ஊறுதல்' வரும் என்று மட்டும் குறிப்புத் தருகிறோம். இறுதியாக, அந்த மூதாட்டியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றோமே, அதனை ஓர் ஆங்கிலேயருக்கு விளங்கும்படி ஆங்கிலத்திலே எழுதுங்கள்; 'றன்' மட்டும் வரக்கூடாது. விடைகள் அடுத்த ஞாயிறு. அன்று 'செற்' என்ற சொல்லைப் பார்ப்போம்.